மிதித்த காலை எடுக்காதே

"ஸ்பேனர்னா இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஜாக்கி?"

"எங்க தெருவுல ஒரு நாய் இருந்துச்சு. அதுக்கு அந்தப் பேருதான்."

"ரொம்ப நடிக்காத ராஜேஷ். கொஞ்சமா தெரியாத மாதிரி இரு, போதும். வாயைக்கூட விடு, உன் கைதான் உன்னைக் காட்டிக் குடுத்துடும்."

"கையை இன்னா பண்றது ஹேமா? பாக்கெட்டுல போட்டுக்கட்டுமா?"

"வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு பாக்கெட்டுல கையா? டார்ச் புடி. டார்ச் புடிக்கிறவனுக்கு எதுவும் தெரிய வேணாம்."

சனிக்கிழமை மாலை, இருவரும் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் பஸ்ஸுக்காக நின்றபோது நடந்த பேச்சு இது. ஞாயிற்றுக்கிழமை காலை லாரியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஹேமலதா அதை நினைத்துப் பல்லைக் கடித்தாள். ராஜேஷ் என்னவோ டார்ச்சைத்தான் பிடித்திருந்தான். ஆனால் அப்பா "இங்க காட்டு" என்று சொல்வதற்கு முன்பே வெளிச்சம் சரியான இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பிக்கு நல்ல மூளை," என்றது லாரிக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல். "சொல்லிக் குடுத்தா டக்குனு புடிச்சிக்குவே."

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுக்கறதுதாங்கய்யா," என்றான் ராஜேஷ்.

நல்ல மூளை! பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கும் லாரி ஷெட்டில், டயர் மேல் படுக்க வைத்து வளர்த்த பிள்ளை அவன். மெக்கானிக் மதியழகனின் மகன். இது அப்பாவுக்குத் தெரிந்தால் இன்றைக்கு இந்த லாரி ஓடாது, ராஜேஷ்தான் ஓடவேண்டியிருக்கும்.

அப்பா வேலாயுதத்துக்குப் பெண்கள் இரண்டு என்று தெருவில் சொல்வார்கள். மூத்தவள் இந்த லாரி. ஹேமலதா பிறப்பதற்கு முந்தின வருடம் வாங்கியது. அதனால் வீட்டில் லாரிக்குப் பெயர் 'பெரியவ'. ஒரே மகளான ஹேமலதா பிறந்த அன்றிலிருந்து 'சின்னவ'. தீபாவளிக்கு முதலில் பெரியவளுக்குத்தான் எண்ணெய், மிச்சமிருந்தால் சின்னவளுக்கு.

பேரணாம்பட்டில் பதனிட்ட தோலை ஏற்றி ஆம்பூர் கம்பெனிகளில் இறக்குவது பெரியவளின் உத்தியோகம். ஒன்பது வருடத்துக்கு முன், ஷெட்டில் பத்துப் பேர் பார்க்க, மதியழகன் அவளைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"வேலு, இதைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாருடா."

ஒரு தட்டில் சாப்பிட்ட தோஸ்த்துகள். அன்றோடு பேச்சு நின்றது. அப்பா அன்றிலிருந்து தன் வண்டிக்குத் தானே மெக்கானிக். அவர் கையில் இருந்த ஒரே கல்வி, தோல். பக்கத்து வீட்டு மஹபூப் பாஷாவின் ஷெட்டில் வெட்டி மிஞ்சும் தோல் துண்டுகள் மூட்டையாக வந்து சேரும். கண்ணாடி ஆடினால் தோல் வார். பானெட் மூடாவிட்டால் தோல் வார். ரேடியேட்டர் மூடிக்குத் தோல் வளையம். ஒருமுறை புகைக்குழாய்க்கும் தோல் வைத்து, வண்டி போன வழியெல்லாம் ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எந்த வீட்டில் என்ன கருகுகிறது என்று தேடினார்கள்.

நாளைக் காலை பெரியவளுக்கு எஃப்.சி. வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று அதிகாரி மிதித்துப் பார்த்துச் சொல்லும் நாள். முதலில் மிதிப்பது பிரேக்கைத்தான்.

வெள்ளிக்கிழமை சின்னவளுக்கும் அதே மாதிரி ஒரு பரிசோதனை. கணியம்பாடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பெரியம்மா ஏற்பாடு செய்த மாப்பிள்ளை, பூச்செடி நர்சரி வைத்திருக்கிறாராம்.

ஆக, வெள்ளிக்கு முன் ராஜேஷைப் பற்றி அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அப்பா வீட்டில் நிற்பது ஞாயிறு ஒரு நாள்தான். அதையும் வண்டிக்கு அடியில் படுத்தே கழித்துவிடுவார். மூன்று வாரத்துக்கு முன் கம்பெனி வாசலில் லாரி நின்றுபோனபோது ராஜேஷ் ஓடிவந்து தள்ளினான். தள்ளியவனை அப்பாவுக்குப் பிடித்துப்போய், "ஞாயித்துக்கிழமை வா தம்பி" என்றார். வந்தான். வாரா வாரம் வந்தான். ஒவ்வொரு வாரமும் இன்று சொல்லிவிடலாம் என்று இரண்டு பேரும் வாயெடுக்கும்போது பெரியவளில் ஏதாவது ஒன்று கழன்று விழுந்தது.

"அமுக்கு!" என்றார் அப்பா.

ஹேமலதா பிரேக்கை மிதித்தாள். "அமுக்கிட்டேன்!"

"புடி!"

"புடிச்சிருக்கேன்!"

கீழே அவர் சின்னத் திருகைத் திறக்க, அவள் கால் பஞ்சில் இறங்குவதுபோலத் தரைவரை இறங்கியது. திருகில் மாட்டிய குழாய் வழியாகக் காற்று, பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தது. அவர் திருகை மூடினார்.

"விடு!"

எடுத்தாள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை இப்படித்தான் வெளியேற்ற வேண்டும். திருகை மூடுவதற்கு முன் மேலே காலை எடுத்துவிட்டால், போன காற்றெல்லாம் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஆனால் இன்று யாரும் காலை எடுக்காமலேயே காற்று வந்துகொண்டிருந்தது. எத்தனை அமுக்கு, எத்தனை விடு! ஆயில் டப்பா காலியானதுதான் மிச்சம்.

"பேஜாரு புடிச்ச காத்து," என்று வெளியே வந்தார் வேலாயுதம். நெற்றியில் திருநீறு மாதிரி கிரீஸ். "நான் போய் ஆயில் வாங்கியாறேன். தம்பி, நீ எதையும் தொடாத. டார்ச்சை அணைச்சு வை, பேட்டரி வீணாவுது."

மொபெட் சத்தம் தெருமுனையைத் தாண்டியதுதான் தாமதம், ராஜேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

"காத்து ஏன் போவாதுன்னு தெரியுமா ஹேமா? சக்கரத்து பிரேக் சிலிண்டருக்குள்ள ரப்பர் வாஷர் இருக்கணும். உங்கப்பா தோலை வட்டமா வெட்டிப் போட்டிருக்காரு! தோலு!"

"ரப்பர் விரிஞ்சு போவும், தோல் ஜென்மத்துக்கும் இருக்கும்னு சொல்லுவாரு."

"அது செருப்புக்கு! பிரேக்குக்கு இல்ல! காலையில அவர் அதை உள்ள வெக்கறப்ப நான் டார்ச்சைப் புடிச்சிக்கிட்டு வேடிக்கை பாத்தேன். எங்கப்பா மட்டும் பாத்திருந்தா அந்த டார்ச்சாலயே என் மண்டையில போட்டிருப்பாரு."

"இப்ப இன்னா பண்றது?"

அவன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தான். புது ரப்பர் வாஷர்கள். "நேத்தே வாங்கிட்டேன். உங்கப்பா திரும்பி வர்றதுக்குள்ள மாத்திடறேன். நீ தெருவைப் பாரு."

ஹேமலதா தெருவைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். மூன்று வாரமாக ஸ்பேனரை வாழைப்பழம் மாதிரிப் பிடித்தவன், இப்போது சுத்தியல் பிடியால் பிரேக் டிரம்மை இரண்டு தட்டுத் தட்டினான். அது சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி கையோடு வந்தது. ஸ்பிரிங் கழன்றது. நனைந்து ஊறிப்போன தோல் வாஷர்கள் வெளியே வந்தன. எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். வேலை செய்யும்போது அவன் முகம் இத்தனை நாள் அவள் பார்க்காத முகமாக இருந்தது. அடப்பாவி, இதைப் போயா மறைக்கச் சொன்னோம் என்று இருந்தது அவளுக்கு.

"தம்பிக்கு வண்டி வேலை தெரியாதுன்னு சொன்னியேடி?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். டீ டம்ளரோடு அம்மா விஜயகுமாரி நின்றிருந்தாள்.

"இப்பதாம்மா கத்துக்கிட்டாரு. அப்பா சொல்லிக் குடுத்தாரு."

"உங்கப்பா சொல்லிக் குடுத்திருந்தா வண்டி இந்நேரம் கிணத்துல கெடக்கும்." அம்மா டம்ளரைக் கழற்றி வைத்திருந்த வீல் மேல் வைத்தாள். "டீ ஆறுது தம்பி. உங்கப்பா நல்லா இருக்காரா?"

ராஜேஷின் கை நின்றது. "எங்கப்பாவா?"

"மதியண்ணனைத்தான் கேக்கறேன். அந்த மூக்கு வேற யாருக்கு வரும்? மொத வாரமே தெரியும். மூணு வாரமா அந்த மூக்கைப் பாத்துக்கிட்டுத்தான் டீ போடறேன்."

ஹேமலதா அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா... அப்பாவுக்கு?"

"உங்கப்பா என் மூஞ்சையே நிமிந்து பாத்து எத்தனை வருஷமாச்சு, இவர் மூக்கையா பாக்கப் போறாரு? அவரு கண்ணுக்கு நட்டும் போல்ட்டும்தான் தெரியும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். நானும் கூட உக்காந்து போயிருக்கேனே, பேரணாம்பட்டு ரோட்டுல எல்லா எடத்துலயும் வண்டி ஓடும். அந்த ஷெட்டு வந்தா மட்டும் மெதுவா போவும். கேட்டா, கியர் விழலன்னு சொல்லுவாரு."

"எங்க வீட்லயும் அதே கதைதான் அத்தை," என்றான் ராஜேஷ். அத்தை என்ற வார்த்தை தானாக வந்து விழுந்துவிட்டது. யாரும் அதைத் திருத்தவில்லை. "இந்த வண்டி சத்தம் கேட்டா அப்பா வேலையை விட்டுட்டு வாசலுக்கு வருவாரு. 'வால்வு அடிக்குது, கேக்குதா'ம்பாரு. போய்ப் பாக்கறதுதானேன்னு கேட்டா, 'வேலு வாயைத் திறந்து வாடான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போறேன்'னு சொல்லுவாரு."

"நீ இங்க வர்றது அவருக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நல்ல குடும்பம்," என்றாள் அம்மா.

டிரம் திரும்ப மாட்டப்பட்டது. நேரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வேலை முடிந்த கை சும்மா இருக்குமா? தகர டப்பாவில் அப்பா அள்ளிப் போட்டிருந்த வீல் நட்டுகளை எடுத்துத் துடைத்துத் துடைத்து ராஜேஷ் சாக்கின் மேல் வைத்தான். மொபெட் சத்தம் கேட்டது. எல்லோரும் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். ராஜேஷ் ஆயில் ஊற்றுவதற்காக வண்டியின் முன்னால் போய், எதுவுமே தெரியாத முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அமுக்கு!"

நாலைந்து அமுக்கு, நாலைந்து விடு. அடுத்த அமுக்கில் அவள் கால் பாதியிலேயே கல்லில் பட்டதுபோல நின்றது.

டிரைவர் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பின் சக்கரத்துக்கு அருகே, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல்கள் துள்ளின.

"ஆ! பாத்தியா தம்பி? புது ஆயில் பட்டதும் தோல் உப்பி நின்னுக்கிச்சு! இதான் தோல்! மெக்கானிக்குனு ஷெட்டு போட்டு உக்காந்திருக்கானுங்களே, ஒருத்தனுக்குத் தெரியுமா இது?"

"தெரியாதுங்கய்யா," என்றான் ராஜேஷ், மிகவும் கஷ்டப்பட்டு.

"இன்னும் ஒரே தடவை. அமுக்கு சின்னவளே! புடி!"

"புடிச்சிருக்கேன்!"

திருகு திறந்தது. கால் தரைவரை இறங்கியது. இனி மூடவேண்டியதுதான், விடு என்று சொல்லவேண்டியதுதான்.

சொல்லவில்லை.

கண்ணாடியில் கட்டைவிரல்கள் அசையாமல் நின்றிருந்தன.

"தம்பி, இங்க வா. குனி." குரல் மாறியிருந்தது. "இந்த நட்டையெல்லாம் வெச்சது யாரு?"

ஹேமலதா தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். சாக்கின் மேல் வீல் நட்டுகள் வட்டமாக இருந்தன. சக்கரத்தில் எந்த நட்டு எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில், கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல.

"நட்டை இப்படி வெக்கறவன் இந்தப் பக்கத்துல ஒருத்தன்தான் இருக்கான்," என்றார் அப்பா. "அது இன்னா, பாக்கெட்டுல எண்ணெய்?"

ராஜேஷ் குனிந்த வேகத்தில் பாக்கெட்டிலிருந்த தோல் வாஷர்கள் சொத்தென்று அவர் மார்பில் விழுந்தன. அவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, உருண்டு, வெளியே வந்து, விஜயகுமாரியின் காலடியில் நின்றது.

"டேய், நீ மதி மவனா?"

"ஆமாங்கய்யா."

"மூணு வாரமா என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு..."

"டீதாங்க குடிச்சாரு," என்றாள் விஜயகுமாரி.

"நீ சும்மா இருடி! ஸ்பேனரைக் குடு! திருகு தொறந்து கெடக்கு! சின்னவளே, காலை எடுக்காத! எடுத்துட்டே, காலையிலேர்ந்து பட்ட பாடெல்லாம் வீணு!"

"எடுக்க மாட்டேன்பா."

"விஜி, ஸ்பேனரு!"

அம்மா ஸ்பேனரை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மொதல்ல பொண்ணு இன்னா சொல்றான்னு கேளுங்க. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் நீங்களும் அவளும் ஒரே நேரத்துல ஓட முடியாம மாட்டிக்கிட்டு இருக்கீங்க."

ஹேமலதா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தாள். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. கண்ணாடியில் தெரிந்த அந்த இரண்டு பாதங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, கணியம்பாடிக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடுங்க. எனக்கு ராஜேஷைத்தான் புடிச்சிருக்கு. அவர் மதி மாமா பையன்னு தெரிஞ்சுதான் புடிச்சிருக்கு. நாங்க பொய் சொன்னது தப்புதான். உங்களைத் தாண்டி எதுவும் பண்ண மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை நான் யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்."

பாட்டிலில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

பாதங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இறங்கின. மறுபடி ஏறின.

"டேய்," என்றது கடைசியில் குரல். "நீ மாத்தினது ரப்பரா?"

"ஆமாங்கய்யா."

"இந்த ஒரு சக்கரத்துக்கு மட்டுமா?"

ராஜேஷ் மற்றச் சக்கரங்களைத் திரும்பிப் பார்த்தான். "மத்ததுல?"



"மூணுலயும் தோல்தான்," என்றார் வேலாயுதம், வண்டிக்கு அடியில் எவ்வளவு கௌரவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கௌரவமாக. "போன மாசம் போட்டேன்."

"ஐயோ, இதை வெச்சுக்கிட்டா ஒரு மாசமா ரோட்டுல போனீங்க?" அடக்கி வைத்ததெல்லாம் ராஜேஷின் வாயில் ஒரே மூச்சில் வந்தது. "லோடு ஏத்திக்கிட்டு எறக்கத்துல வர்றப்ப புடிக்கலன்னா? நாளைக்கு எஃப்.சி. போவட்டும், நீங்க வேணாமா எங்களுக்கு?"

விஜயகுமாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வருடமாக அவள் சொல்ல நினைத்ததை யாரோ ஒரு பையன் சொல்லிவிட்டான்.

பாதங்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டன.

"நான் பண்றேங்கய்யா," என்றான் ராஜேஷ், தணிந்த குரலில். "ஆனா மூணு சக்கரம். பெடல் பக்கத்துல இருக்கற மாஸ்டர் சிலிண்டரையும் பாக்கணும். காலைக்குள்ள நான் ஒருத்தனே முடிக்க முடியாது."

"உன்னால முடியாது," என்றார் அவர். "உங்கப்பனால முடியும்."

கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் இன்னொன்றைத் தட்டியது.

"போன் இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"போடு. சத்தமா வை. இங்க கீழ கொண்டா. நான் வெளிய வர மாட்டேன்."

முகத்தைக் காட்டாமல் பேச வண்டிக்கு அடியைவிட வசதியான இடம் உண்டா? ராஜேஷ் மண்டியிட்டுப் போனை நீட்டினான். மணி அடித்தது. அம்மா இடுப்பிலிருந்த ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டாள், கொடுக்கவில்லை.

"இன்னாடா, ஓவர்டைம் முடிஞ்சுதா?" மதியழகனின் குரல் தெருவரை கேட்டது. "வர்றப்ப பரோட்டா வாங்கியா. அலோ? டேய்? யாருடா, பேச மாட்டேன்றே?"

ஹேமலதாவின் கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எடுக்கக் கூடாது. இப்போது மட்டும் எடுக்கவே கூடாது. கண்ணாடியில், அப்பாவின் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஒரு செருமல் கேட்டது. இன்னொரு செருமல்.

"மதி... வேலு பேசறேன்டா. வாடா. எங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வா." கண்ணாடியில் கட்டைவிரல்கள் பிடியை விட்டன. "வரும்போது, ஸ்பேனர் பெட்டியையும் எடுத்துக்கிட்டு வா."